பாலாற்றங்கரைப் பள்ளிகள் – 7: இந்த வாரம் என் குழந்தை எந்தப் படியில்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி நீண்டு கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசம், சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் இத்தேசத்துக்கு இரண்டு பெரும் பாடங்களை அளித்தது. அவற்றில் ஒன்று யாவரும் அறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வழங்கிய தீர்ப்பு அது. நீரையும் நிலத்தையும் மாசுபடுத்தியவனே அதைச் சீர்படுத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்ற தர்மம் இந்தியச் சட்டத்தின் ஓர் அங்கமென்று அத்தீர்ப்பின் மூலம் ஸ்திரப்பட்டது. இன்றளவும் சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அதைப் படித்தே தீரவேண்டும். இரண்டாவது பாடமோ எந்தச் சட்டப் புஸ்தகத்திலும் இல்லை. தமிழ்நாட்டின் ஆரம்பப் பள்ளிகளில் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் இன்று தரையில் வட்டமாக அமர்ந்து, அவரவர் சக்திக்கேற்ற வேகத்தில் எழுத்தும் எண்ணும் கற்கிறார்களே, அந்த முறையே அது. அதன் வேர்களுள் முக்கியமான ஒன்று இந்தப் பிரதேசத்தில் ஊன்றியது என்ற செய்தியை, இவ்வூர்ப் பெற்றோர்களில் நூற்றுக்கு ஒருவராவது அறிந்திருப்பாரா என்பது சந்தேகம்.

சென்ற இதழில், 2022-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றியும், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் தாய்மார்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைப் பற்றியும் எழுதினேன். பசி ஆறிய குழந்தை பள்ளிக்கூடத்துள் நுழைந்த பிறகு, அங்கே அது கற்பது என்ன? அதுவே இவ்வார விஷயம். ஆரம்ப வகுப்பில் இந்த வாரம் என்ன நடக்கிறது என்ற கேள்வி கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அதற்குச் சரியாக விடை சொல்ல வேண்டுமானால் முப்பது வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆம்பூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசலில், ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் ஒரு தாய், ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் உபாத்தியாயினியிடம் கேட்ட கேள்வியை நான் அருகில் நின்று கேட்டேன். “இந்த வாரம் இன்னா பாடம் டீச்சர் நடத்துனீங்க? புக்குல பக்கமே திரும்பலியே” என்றார். கேள்வியில் குற்றமில்லை. அவர் படித்த காலத்தில் பாடம் என்றால் பக்கம். திங்கட்கிழமை ஒரு பக்கம், செவ்வாய்க்கிழமை மறு பக்கம், வருஷ முடிவில் புஸ்தகம் முடியும், புஸ்தகம் முடிந்தால் படிப்பும் முடிந்ததாகக் கணக்கு. உபாத்தியாயினியோ, “உங்க பாப்பா அரும்புல இருந்து மொட்டுக்கு வந்துட்டாம்மா. சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் தானே படிக்கிறா. இன்னிக்கு ராத்திரி ஒரு சின்னப் புக்கு கொடுத்தனுப்புறேன், படிக்கச் சொல்லிக் கேளுங்க” என்று பதில் சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது, தாய் ஓடினார். பதில் அவர் மனத்தில் தங்கியதா என்பது ஐயமே. அந்தத் தாய்க்கும், அவரைப் போல் நின்று கேட்க நேரமில்லாத ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்கும், அந்த உபாத்தியாயினி சொல்லவந்ததன் முழுப் பொருளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த வகுப்பறைக்குள் செல்வோம். ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புக் குழந்தைகளும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆரம்ப வகுப்புகளில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதித்திருப்பதால், அறுபது குழந்தைகளுக்கு உட்பட்ட பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தவேண்டியிருக்கிறது. கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் நிலைமை இதுதான். சுவரின் அடிப்பாகத்தில், உட்கார்ந்த குழந்தையின் கை எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிலும் கறுப்பு வர்ணம் பூசிய பட்டை ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு சாண் அகல இடம் உண்டு. தன் இடத்தில் தானே எழுதலாம், தானே அழிக்கலாம். குழந்தைகள் வயதுப்படி அமராமல், எட்டியிருக்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாகப் பிரிந்து அமர்ந்திருக்கிறார்கள். முதல் வகுப்பின் திறன்களைக் கற்றுக்கொண்டிருப்போர் அரும்பு. இரண்டாம் வகுப்பின் திறன்களை எட்டியோர் மொட்டு. மூன்றாம் வகுப்புக்குரிய நிலையை அடைந்தோர் மலர். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரும்பில் இருக்கலாம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மலரிலும் இருக்கலாம். அதில் அவமானமும் இல்லை, அகங்காரத்துக்கு இடமும் இல்லை.

அரும்புக் குழுவில் ஒரு சிறுவன் தட்டில் பரப்பிய மணலில் விரலால் ‘ட’ எழுதிக்கொண்டிருந்தான். மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு, எழுத்து முடிந்துவிட்டது. அதனுடன் ‘ப’வும் ‘ம’வும் சேர்ந்தால் படம், மடம், பட்டம் என்று சொற்கள் பிறக்கின்றன. ‘அ’ என்ற வளைவும் சுழிவும் நிறைந்த எழுத்தை முதல் நாளிலேயே ஒரு பிஞ்சு விரலின்மேல் சுமத்துவதைவிட, நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்கி, மூன்றே எழுத்துகளில் பொருளுள்ள சொல் ஒன்றைப் படித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தை முதல் வாரத்திலேயே தருவது எவ்வளவு விவேகமான காரியம்! அச்சிறுவன் ‘படம்’ என்பதைப் படித்ததும், சுவரில் தொங்கிய படத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கரும்பலகைப் பட்டையில் தன் இடத்துக்குத் தவழ்ந்து சென்று அச்சொல்லை எழுதினான். எழுத்தென்பது வெறும் கோடல்ல, உலகத்தில் உள்ள ஒரு வஸ்துவைச் சுட்டுவது என்ற ஞானம் அவனுக்கு அக்கணத்தில் பிறந்தது.

மொட்டுக் குழுவில் நடந்தது கணக்கு. உபாத்தியாயினி குழந்தைகளை வாசலுக்கு அழைத்துச் சென்று, அங்கே விட்டிருந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைக்கச் சொன்னார். ஒரு ஜோடி, இரண்டு செருப்பு. இரண்டு ஜோடி, நான்கு செருப்பு. ஏழு ஜோடிக்கு எத்தனை? ஒரு சிறுமி எண்ணாமலே, “பதினாலு டீச்சர்” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “எங்கம்மா வூட்டுக்கு அப்பர் கொண்டாந்து தைக்கும். ஜோடி ஜோடியாத்தான் கட்டும்” என்றாள். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில், ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. அந்தக் கட்டுகளுக்கு நடுவில் வளரும் குழந்தை இரண்டாம் வாய்ப்பாட்டைப் பள்ளிக்கு வருமுன்பே பாதி கற்றுவிடுகிறது. அது கற்றிருப்பதைப் பள்ளிக்கூடம் அறிந்துகொள்வதும், வாய்ப்பாடு என்று அதற்குப் பெயர் சூட்டி, அதிலிருந்து மூன்றாம் வாய்ப்பாட்டுக்கும் பெருக்கலுக்கும் அக்குழந்தையைக் கைபிடித்து அழைத்துச் செல்வதுமே உபாத்தியாயரின் கடமை.

இவ்விடத்தில் ஒரு பழைய விவகாரத்தை நினைவுகூர்வது அவசியம். 1953-ஆம் ஆண்டில், ராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தைகள் தம் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டுமென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. தோல் பதனிடும் தொழிலில் சுண்ணாம்புக் குழியில் இறங்குவோரும் ஈரத்தோலைச் சுமப்போரும் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகவே இருந்துவந்த இந்தப் பிரதேசத்தில், அத்திட்டம் நிலைத்திருந்தால் அதன் விளைவு என்னவாயிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. செருப்பு ஜோடியை வைத்துப் பெருக்கல் கற்பிப்பதும், செருப்பு தைக்கக் கற்பிப்பதும் ஒன்றல்ல. வீட்டில் கிடைத்த அறிவைப் படிக்கட்டாக்கி மேலே ஏற்றுவது முன்னது. வீட்டுத் தொழிலையே விதியாக்கி அங்கேயே நிறுத்துவது பின்னது. இந்த வித்தியாசத்தைச் சிறிதும் மறவாத உபாத்தியாயரிடத்தில்தான் அந்தச் சிறுமியின் எதிர்காலம் பத்திரமாயிருக்கும்.

இனி, இம்முறை எங்கிருந்து வந்ததென்பதைச் சொல்கிறேன். ‘வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்ற பெயரோடும், பின்னர் வேலூர் மாவட்டம் என்ற பெயரோடும் இந்தப் பிரதேசம் ஒரே ஜில்லாவாயிருந்த தொண்ணூறுகளில், குடியாத்தம் முதலிய ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கோ, வைத்தியச் செலவுக்கோ, மழை பொய்த்த வருஷத்தில் அரிசிக்கோ பெற்றோர் வாங்கிய சிறு முன்பணத்துக்கு ஈடாக, ஏழு வயதுக் குழந்தையும் எட்டு வயதுக் குழந்தையும் அடமானப் பொருள்களாகப் பீடி முதலாளியின் திண்ணையில் உட்கார்த்தப்பட்டன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே இயற்றப்பட்டிருந்தும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்திருந்தும், கடன் தீரும்வரை அக்குழந்தைகளுக்கு விடுதலை இல்லை. கடனோ எளிதில் தீரும்படி கணக்கு எழுதப்படுவதில்லை.

அத்தகைய குழந்தைகளை மீட்கும் காரியம் சர்க்காராலும் தொண்டர்களாலும் மேற்கொள்ளப்பட்டபோது, யாரும் எதிர்பாராத ஒரு சங்கடம் தோன்றியது. மீட்கப்பட்ட பத்து வயதுச் சிறுவனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? வயதுக்கேற்ப ஐந்தாம் வகுப்பில் அமர்த்தினால், கரும்பலகையில் எழுதுவது அவனுக்கு ஒன்றும் விளங்காது. அறிவுக்கேற்ப முதல் வகுப்பில் அமர்த்தினால், ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவில் அவன் வெட்கத்தால் குன்றிப்போவான். இரண்டில் எது நேர்ந்தாலும், சில வாரங்களில் அவன் பள்ளியைவிட்டு ஓடித் திரும்பவும் பீடி முறத்தின் முன்பே போய் உட்காருவான். பழைய முறை வகுப்பென்பது எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கவேண்டிய வண்டி. நடுவழியில் வந்தவனுக்கு அதில் இடமில்லை என்ற உண்மையை இக்குழந்தைகளே எல்லோருக்கும் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள்.

அக்காலத்தில் இம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்தவர் எம்.பி. விஜயகுமார். மீட்கப்பட்ட குழந்தைகளுக்கென நடத்தப்பட்ட சிறப்புப் பள்ளிகளில் கிடைத்த அனுபவம், இங்கிருந்து சித்தூர் வழியாகச் சென்றால் அரை நாளில் அடையக்கூடிய மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின்பால் அவர் கருத்தைச் செலுத்தியது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய அந்தக் கல்வி ஸ்தாபனத்தைச் சுற்றியுள்ள ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில், பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதியர் பாடப் புஸ்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணியின் படிகளைப்போல் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குழந்தையும் தன் படியிலிருந்து தானே ஏறும்படியான ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். கோலார் பகுதியில் 1972-ல் ‘நீல் பாக்’ என்ற சிறு பள்ளியைத் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயரிடம் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். பிற்காலத்தில் விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானபோது, 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகளில் 13-ஐத் தேர்ந்து இம்முறையைப் பரீட்சித்துப் பார்த்தார். அது வெற்றி பெறவே, மாநகராட்சியின் 264 ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரோடு, 2007–08 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளிலும் பிரவேசித்தது.

செயல்வழிக் கற்றலின் நுட்பம் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். சுவரில் தொங்கும் ஏணிப்படத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் குழந்தை பார்த்து, அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளை ஆசிரியரின் துணையோடும், சிலவற்றை உடன்பயிலும் தோழரின் துணையோடும், சிலவற்றைத் தனியாகவும் செய்யவேண்டும். அட்டை முடிந்தால் அடுத்த படி; ஒரு மைல்கல்லின் கடைசியில் மதிப்பீட்டு அட்டை. நோயுற்றுப் பத்து நாள் வராத குழந்தை, திரும்பி வந்த அன்று, தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். அறுவடைக் காலத்தில் தாயோடு வெளியூர் போய் வந்த குழந்தைக்கும் அவ்விதமே. பத்து வயதில் முதன்முதலாக எழுத்தறிய வந்த குழந்தைக்கு இதைக் காட்டிலும் மரியாதையான வரவேற்பு வேறென்ன இருக்க முடியும்?

இம்முறைக்குக் குறைகளே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. அட்டைகளை எடுத்துக் கொடுப்பதும் பதிவேட்டை நிரப்புவதுமே தம் வேலையாகிவிட்டதென்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். குழந்தையின் பையில் புஸ்தகம் இல்லையே என்று பெற்றோர் கலங்கினார்கள். சிரத்தையற்ற இடங்களில் அட்டைகள் வெறும் விளையாட்டுச் சீட்டுகளாகவே மிஞ்சின. 2012–13-ல் முப்பருவ முறை வந்தபோது, புஸ்தகமும் அட்டையும் கலந்த எளிய வடிவமாக இது மாற்றப்பட்டது. பிறகு கொரோனா வந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் ஆரம்பப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளியையே பாராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றது. பீடித் திண்ணையிலிருந்து மீண்ட சிறுவனின் சங்கடம், அப்போது தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாயிற்று. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022 ஜூன் 13-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடங்கப்பெற்றன. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைப் போடவும் கற்றுவிடவேண்டும் என்பது பின்னதன் குறிக்கோள். முதல் மூன்று வகுப்புகளுக்கென்று தொடங்கி, மறு ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது விரிந்தது. அரும்பும் மொட்டும் மலரும் இத்திட்டம் தந்த பெயர்களேயாயினும், குழந்தையை வயதால் அல்லாமல் நிலையால் அறிவதென்ற மூலக் கருத்து, இந்தப் பிரதேசத்தின் விடுவிக்கப்பட்ட குழந்தைகள் நமக்குப் போதித்ததேயாகும்.

மலர்க் குழுவைச் சொல்லாமல் விட்டேன். அங்கே அன்று கதை நேரம். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுக்கப்பட்டவை. அவற்றிலிருந்து குழந்தைகள் ஆளுக்கொன்று எடுத்துப் படித்துவிட்டு, படித்த கதையைச் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். ஒரு பையன் எழுந்தான். வீட்டிலே உருது பேசும் குழந்தை அவன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இத்தகைய குழந்தைகள் ஏராளம். புஸ்தகத்தைத் தமிழில் தடையின்றிப் படித்தவன், சொந்தமாகச் சொல்லத் தொடங்கியதும் திக்கினான். உபாத்தியாயினி, “உனக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லு கண்ணு” என்றார். அவன் உருதுவில் சரளமாக, கை கால்களை ஆட்டி, முழுக் கதையையும் சொன்னான். பக்கத்தில் இருந்த, இரண்டு பாஷையும் அறிந்த சிறுமி ஒருத்தி அதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். பிறகு அவனே இரண்டாம் முறை தமிழில் முயன்றான். இம்முறை பாதிக்கு மேல் வந்துவிட்டது.

இதில் அடங்கியிருக்கும் விவேகத்தைச் சற்று ஆழ்ந்து யோசிக்கவேண்டும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், எந்தத் தாய்மொழிக் குழந்தையாயினும் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கற்கவேண்டும் என்று விதிக்கிறது. இந்நாட்டில் வாழ்கிற குழந்தைக்கு அது பெரிய நன்மை. ஆனால் சட்டம் பாடத்தை விதிக்கலாமே தவிர, வேகத்தை விதிக்க இயலாது. வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த குழந்தை ஒரு வாரத்தில் கடக்கும் படியை, கதை சொன்ன அப்பையன் மூன்று வாரத்தில் கடக்கலாம். கதை அவனுக்கு விளங்கிவிட்டது. கதையைச் சொல்லும் பாஷைதான் இன்னும் வசப்படவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாத மதிப்பீடு அவனை மந்தமானவன் என்று எழுதிவிடும். பிரித்தறிந்த உபாத்தியாயினி அவனைப் புத்திசாலி என்று கண்டுகொண்டார்.

இப்போது இக்கட்டுரையின் மையமான கவலைக்கு வருகிறேன். இன்று ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு வாரத்துக்கொரு பாடக்குறிப்பு உண்டு. இந்த வாரம் இந்தக் கருப்பொருள், இந்தப் பாடல், இந்தச் செயல்பாடு என்று ஆசிரியர் கையேட்டில் வகுக்கப்பட்டிருக்கிறது. குறித்த தினங்களில் மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் பதிவேற்றவேண்டும். கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒரே வாரம், ஒரே குறிப்பு. புதிதாய் வேலைக்கு வந்த ஆசிரியருக்கு இது பெரிய துணை என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்றும் நடவாமல் வாரங்கள் வீணாகக் கழிவதை இது தடுக்கிறது என்பதும் உண்மை. ஆயினும், குழந்தையை அதன் படியிலேயே சந்திக்கவேண்டும் என்று தோன்றிய ஒரு முறை, நாட்காட்டியின் படியில் குழந்தையை நிறுத்திப் பார்க்கும் முறையாகத் திரிந்துவிடுமானால், நாம் சுற்றிச் சுற்றிப் பழைய வண்டிக்கே திரும்பியவர்களாவோம். செயலியில் அந்த வாரத்துக் கட்டம் பச்சையாக வேண்டுமென்பதற்காக, ‘ட’வில் நிற்கும் குழந்தையை வாக்கியத்துக்கு இழுத்துச் செல்லும் அவசரம், ஆசிரியரின் தவறன்று, அவர்மேல் சுமத்தப்படும் கணக்கின் தவறு.

அந்தக் கிராமத்தில், பேரனை அழைத்துப்போக வந்திருந்த முதியவர் ஒருவர், இளமை முதல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர், இந்த விஷயத்தை என்னைக் காட்டிலும் தெளிவாகச் சொன்னார். அவருடைய பேரன் இன்னும் அரும்பில் இருக்கிறானே என்று பக்கத்திலிருந்த ஒருவர் அங்கலாய்த்தபோது, அவர், “எருமைத் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்கும் ஒரே நாள்ல சுண்ணாம்பு ஏறுமா சாமி? அவசரப்பட்டு எடுத்தா ரோமமும் போவாது, தோலும் பாழ்” என்றார். கனத்த தோல் அதிக நாள் ஊறும். மெல்லிய தோல் சீக்கிரம் பதம் வரும். இரண்டும் நல்ல சரக்குதான். நாளை எண்ணி எடுக்காமல், பதம் பார்த்து எடுக்கும் தொழிலாளியின் அனுபவ ஞானம், கல்வி அதிகாரிகளின் கூட்டங்களிலும் பேசப்படவேண்டியது.

இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்கலாம். மூன்று காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, வாரக் குறிப்பு ஆசிரியருக்குத் துணையாயிருக்கட்டும். ஆனால் அந்த வாரப் படியை முடிக்காத குழந்தையை மறு வாரமும் அதே படியில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் எழுத்துமூலமாகவே ஆசிரியருக்கு அளிக்கப்படவேண்டும். அரும்பில் ஒரு குழந்தை நீடிப்பது பள்ளியின் தோல்வியாகப் பதிவாகாமல், அக்குழந்தைக்கு அதிக உதவி தேவை என்ற வேண்டுகோளாகப் பதிவாகவேண்டும். இரண்டாவது, உருதுவும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குழந்தைகள் மிகுந்த இப்பிரதேசத்தின் பள்ளிகளில், அம்மொழி அறிந்த உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவராவது, முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கதை நேரத்தில் உதவியாயிருக்கவேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் கிராமந்தோறும் இருக்கிறார்கள். ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை.

மூன்றாவது காரியம் இவ்வூர் முதலாளிகளைப் பொறுத்தது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டுமென்பது விதி. குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்று கேட்பதற்கும், ஆசிரியர் குறைவானால் சர்க்காருக்கு எழுதுவதற்கும் அதுவே உரிய சபை. ஆனால் அக்கூட்டம் நடக்கும் பொழுதில், உறுப்பினர்களான தாய்மார்கள் மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போகும். தேசம் தேசமாக ஏற்றுமதியாகும் பாதரட்சைகளை அப்பெண்களின் கைகளே தைக்கின்றன. மேலாண்மைக் குழுக் கூட்ட நாளில், உறுப்பினராயுள்ள பெண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு மணி நேர அனுமதி என்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தொழிற்சாலைகள் தாமாகவே முன்வந்து ஏற்படுத்துமானால், அதனால் அவற்றின் கணக்கில் நேரும் நஷ்டம் மிக அற்பம். பள்ளிகளுக்கு வரும் லாபமோ அளவிடற்கரியது. இப்பிரதேசத்தின் தோல் வணிகப் பெருமக்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்விச் சங்கங்களையும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவி, வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியா கல்லூரியைக் கண்டவர்கள். அவர்களுடைய சந்ததியார் இந்தச் சிறு தர்மத்தைச் செய்யத் தயங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அது நடக்கும்வரை, பஸ்ஸுக்கு ஓடும் தாய்மார்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி வாசலில் நின்று கேட்கக் கிடைக்கும் அரை நிமிஷத்தில், எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்காதீர்கள்; என் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு நல்ல ஆசிரியர் மகிழ்ந்து விடை சொல்வார். சிரத்தையற்றவரோ அக்கேள்வி வாரந்தோறும் வருமென்று கண்டால் சிரத்தை கொள்வார். இரவில் அச்சிறு புஸ்தகத்தைக் குழந்தை படிக்கும்போது, உங்களுக்குப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அருகில் அமர்ந்து கேளுங்கள். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட குழந்தைகள் ஒருகாலத்தில் இம்மண்ணில் வாய்திறவாமல் இருந்தார்கள். அவர்களால் விளைந்த நன்மையை அனுபவிக்கும் முதல் உரிமை இம்மண்ணின் குழந்தைகளுக்கே உண்டு. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்களே.

அடுத்த இதழில், பாலாற்றில் நீரைக் காணாமல், காவிரியிலிருந்து குழாய் வழியே வரும் நீரைக் குடித்து வளரும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், ஆற்றைப் பற்றிய பாடத்தை எவ்வாறு கற்கிறார்கள் என்பதைக் காண்போம்.

(தொடரும்)